மூன்று செட் டயர், இரண்டு ஞாயிறு, ஒரு மாஸ்டர் பீஸ்

போன ஜூலையில் கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும்போது, வாளையாறு தாண்டிய பிறகு நல்ல மழை பிடித்தது. வேகம் 90 இருக்கும். லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. இடது பக்கச் சக்கரங்கள் அதில் இறங்கின. ஒரு நொடிதான், ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. திருப்பினால் எதுவும் நடக்காது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக விட்டேன். கொஞ்ச தூரத்தில் டயர் மறுபடி தரையைப் பிடித்தது. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

பாலக்காடு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் காற்றைப் பார்த்தேன். முன் இடது டயரில் 28 பிஎஸ்ஐ. பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், ஆழம் 3 மி.மீ. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், அதனால் எந்தச் சோதனையிலும் அந்த டயர் தேறியிருக்கும். ஆனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1960களில் நாசா விமான டயர்களை வைத்துக் கண்டது. தண்ணீர் ஆழமாக நின்று, பட்டனால் அதை வெளியே தள்ள முடியாத நிலையில், மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பிஎஸ்ஐ இருந்தால் மணிக்குச் சுமார் 96 கி.மீ., 28 ஆனால் 88, 25 ஆனால் 83. நான் போனது 90. கார் டயருக்கு அது அப்படியே பொருந்தாது, ஒரு தோராயம்தான். இருந்தாலும் அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

வண்டி 2022இல் எடுத்த ஸ்கோடா ஸ்லாவியா 1.5. டயர் அளவு 205/55 ஆர்16: அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். ஓடியது 46,000 கி.மீ. புது டயர் வாங்கத்தான் வேண்டும், சரி. எதை வாங்குவது? கடையில் கேட்டால் பெயர்கள் மழையாகக் கொட்டும். மிஷெலின், கான்டினென்டல், யோகோஹாமா, அப்போலோ, வ்ரெடெஸ்டைன், எம்ஆர்எஃப். ஒவ்வொன்றிலும் சொகுசுக்கு ஒன்று, ஸ்போர்ட்ஸுக்கு ஒன்று. ஸ்போர்ட்ஸ் டயருக்கு நாலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை மீட்டர் முன்னால் நிற்கும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

நான் பம்ப் தயாரிக்கும் ஒரு யூனிட்டில் குவாலிட்டி செக்ஷனில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அளப்பதுதான் வேலை. அதனால் இதையும் அளந்துவிடலாம் என்று தோன்றியது.

நம் ஊரில் யாரும் ‘சம்மர் டயர்’ என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, இங்கே கார்களில் ஓடுவது பெரும்பாலும் அதுதான். ஜெர்மனியில் அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர், மிச்ச மாதங்களுக்குக் கோடை டயர் என்று மாற்றிக்கொள்வார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. நமக்கு ஊட்டியில் மார்கழி விடியற்காலை தவிர அந்தக் கவலை கிடையாது. ஆகவே ஐரோப்பாவில் வரும் கோடை டயர் சோதனை முடிவுகள் நமக்கும் பயன்படும். ஒரு சிக்கல், அங்கே சோதிக்கும் மாடல்கள் பல இங்கே கிடைப்பதில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயமான பிறகு அது இன்னும் குறைந்தது.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை வைத்தே ஓரளவு தேர்ந்தெடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். 91 வி என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 240 கி.மீ. வேகம் வரை தாங்கும். 91 டபிள்யூ என்றால் அதே எடை, 270 கி.மீ. நம் சாலையில் 240 எதற்கு என்று கேட்கலாம். அந்த எழுத்து வேகத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல. அந்தச் சூட்டைத் தாங்கும்படி உள்ளே கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்புறம் ட்ரெட்வேர் எண். அமெரிக்க முறைப்படி டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டித் தேய்மானத்தை அளந்து, அதை வைத்துக் கம்பெனியே போட்டுக்கொள்ளும் எண் அது. எண் கூடினால் டயர் மெதுவாகத் தேயும். ட்ராக்‌ஷன், அதாவது பிடிப்பு, ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு தரமும் இருக்கும். ஈரத் தரையில் சக்கரத்தைப் பூட்டி நேராக இழுத்து அளப்பது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் காரில், வளைவில், அந்த டயர் என்ன செய்யும் என்று அது சொல்லாது.

ஆக, ஓட்டிப் பார்த்தால்தான் உண்டு.

எங்கள் நண்பர்களில் இன்னும் இரண்டு பேரிடம் அதே வண்டி, அதே அளவு அலாய். ஒருவன் 1,200 கி.மீ. முன்னால் சொகுசு டயர் மாற்றியிருந்தான். 91 வி, ட்ரெட்வேர் 300க்கு மேல். இன்னொருவன் 900 கி.மீ. முன்னால் ஸ்போர்ட்ஸ் டயர் போட்டிருந்தான். 91 டபிள்யூ, பட்டன் வெளிப்பக்கம் ஒரு மாதிரி, உள்பக்கம் வேறு மாதிரி. இரண்டும் பெயர் பெற்ற கம்பெனிகள். பெயரை எழுதவில்லை. என் ஒரு காரில், ஒரு துண்டுத் தார் ரோட்டில் எடுத்த எண்களை வைத்து ஒரு கம்பெனியைத் தூக்கவோ இறக்கவோ எனக்கு உரிமை இல்லை. சொகுசு, ஸ்போர்ட்ஸ், பழசு என்றே சொல்கிறேன்.

இரண்டு புது செட்டும் ஓரளவு ஓடியிருந்தது நல்லதாகப் போனது. டயரை வார்க்கும் அச்சிலிருந்து எடுக்க ஒரு பூச்சு போடுவார்கள், அது பட்டன்மேல் ஒட்டியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் அது தேய்ந்து உண்மையான ரப்பர் வெளியே வரும். பிளாஸ்டிக் கவர் பிரித்த அன்றே பிரேக் அடித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

இடம், ஒரு நண்பனின் மாமா குடும்பத்துக்குச் சொந்தமான, ஓட்டம் நின்றுபோன நூற்பாலை. கேட்டிலிருந்து குடோன் வரை 400 மீட்டர் நேரான தார் ரோடு. இரண்டு பக்கமும் வேப்பமரம். ஆள் நடமாட்டம் இல்லை. ரோட்டின் கடைசியில் தாராளமான காலி இடம். பொதுச்சாலையில் இதைச் செய்யவே கூடாது. பின்னால் வருகிறவனுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று தெரியாது.

சோதனை முறையை ஐரோப்பிய ஈரப்பிடிப்பு விதியிலிருந்து எடுத்துக்கொண்டேன். 85 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதித்து, 80இலிருந்து 20 வருவதற்குள் போன தூரத்தை மட்டும் அளப்பது. மிதித்த முதல் நொடியில் கால் தாமதமாகலாம், வேகம் மிகவும் குறைந்த கடைசிக் கட்டத்தில் ஏபிஎஸ் விட்டுவிடும். இரண்டு முனையையும் வெட்டிவிட்டால் நடுவில் இருப்பது டயரின் வேலை. செல்போன் ஜிபிஎஸ் இதற்கு உதவாது. நொடிக்கு ஒரு தரம்தான் இடத்தைக் குறிக்கும், 80இல் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுவோம். நொடிக்கு 25 தரம் குறிக்கும் தனி ஜிபிஎஸ் லாகர் ஒன்றை ரேஸ் ஓட்டும் ஒருவரிடம் இரவல் வாங்கினேன்.

முதல் ஞாயிறு. ஈரத்துக்குத் தண்ணீர் லாரி சொல்லியிருந்தோம், ஓஸ் பிடித்து ரோட்டை நனைத்தோம். முதலில் பழசு, ஆறு ஓட்டம். சராசரி 41.0 மீட்டர். அப்புறம் சொகுசு, 34.1. அப்புறம் ஸ்போர்ட்ஸ், 30.2. மணி பதினொன்று. எல்லாருக்கும் பசி. கணக்கு முடிந்தது, கிளம்பலாம் என்றார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் செக்ஷனில் ஒரு பழக்கம் உண்டு. துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்தால் முதலில் மாஸ்டர் பீஸில், அதாவது அளவு துல்லியமாகத் தெரிந்த மாதிரித் துண்டில், வைத்து ஜீரோ பார்ப்போம். நூறு பீஸ் அளந்து முடித்ததும் மறுபடி அதே மாஸ்டரில் வைத்துப் பார்ப்போம். ஜீரோ நகர்ந்திருந்தால் நடுவில் அளந்த நூறும் செல்லாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், இரண்டாவது தரம் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதற்கு என் சீனியர் அந்தத் தாளை என் கண்முன்னாலேயே கிழித்துப் போட்டார். அது இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் பழைய டயரையே மறுபடி மாட்டினோம். ஆறு ஓட்டம். சராசரி 38.6.

அதே டயர், அதே டிரைவர், அதே கார். காலையில் 41.0, நண்பகலில் 38.6. டயர் மாறவில்லை, ரோடு மாறியிருக்கிறது. எத்தனையோ மாதமாக யாரும் ஓட்டாத ரோடு அது. வேப்பஞ்சருகுப் பொடி, தூசி, பழைய எண்ணெய். நாங்கள் நனைக்க நனைக்க, டயர் தேய்க்கத் தேய்க்க அது கழுவிப்போய்த் தார் சுத்தமாகிவிட்டது. முதல் மழையில் ரோடு வழுக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும்தானே, அதையே நாங்கள் மீட்டர் கணக்கில் அளந்திருக்கிறோம். மூன்றாவதாக ஓடிய ஸ்போர்ட்ஸ் டயருக்குச் சுத்தமான ரோடு கிடைத்தது, முதலில் ஓடிய பழசுக்கு அழுக்கு ரோடு. அந்த எண்களை வெளியே சொல்லியிருந்தால் ஸ்போர்ட்ஸ் டயர் 26 சதவீதம் முன்னால் நிற்கிறது என்று சொல்லியிருப்பேன். அது பொய்.

அன்றைய தாளை நானே கிழித்தேன்.

பெரிய கம்பெனிகளும் இதே பாடத்தைப் படித்துத்தான் வந்திருக்கின்றன. ஐரோப்பிய விதியில் எந்த டயரைச் சோதித்தாலும் ‘ரெஃபரன்ஸ் டயர்’ என்று ஒரு பொது டயர் கூடவே ஓட வேண்டும். அதற்கென்றே ஒரே மாதிரி தயாரித்து விற்கிறார்கள். சோதிக்கும் டயரின் தரம் மீட்டரில் வராது, அந்தப் பொது டயரோடு ஒப்பிட்ட விகிதமாகத்தான் வரும். டெக்சாஸ் தேய்மானச் சோதனையிலும் அப்படி ஒரு டயர் கூட ஓடுகிறது. எங்கள் மாஸ்டர் பீஸ்தான் அது, உருண்டையாக.

இரண்டாவது ஞாயிறுக்கு இரண்டு மாற்றம். ஒன்று, வரிசை: பழசு, சொகுசு, பழசு, ஸ்போர்ட்ஸ், பழசு. பழைய செட்தான் எங்கள் மாஸ்டர். இன்னொன்று, தண்ணீர். ஓஸ் பிடித்து நனைத்தால் ஓரிடத்தில் குளம், ஓரிடத்தில் வெறும் ஈரம். விதிப்படி தண்ணீரின் உயரம் 1 மி.மீ., கூடக்குறைய அரை மி.மீ. இருக்கலாம்.

இதற்குத் தீர்வு எங்கள் தொழிலிலேயே இருந்தது. ஒன்றரை அங்குல பிவிசி பைப், இருபதடி நீளத்தில் பத்து. கோத்தால் 60 மீட்டர். அரை அடிக்கு ஒன்றாக 3 மி.மீ. துளை. நானூறு துளை போட சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் போனது. தம்பி டிரில்லைப் பிடிக்க, நான் அளந்து குறி வைத்தேன். பைப்பை ரோட்டின் மேட்டுப் பக்கத்து ஓரத்தில் படுக்கவைத்தோம். எந்தத் தார் ரோடும் தண்ணீர் வடிய ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், அந்தச் சரிவே தண்ணீரை அகலமாகப் பரப்பிவிடும். ஆலையின் பழைய கிணற்றில் மோட்டார் இருந்தது. ஓடும் தண்ணீர் வேப்பமரங்களுக்குப் போய்விடும், வீணாகாது.

முதல் தரம் மோட்டாரைப் போட்டபோது கிட்டத்தில் உள்ள துளைகள் பீய்ச்சி அடித்தன, கடைசிப் பத்து மீட்டரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு முனையில் தண்ணீர் கொடுத்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பைப்பை நடுவில் வெட்டி, ‘T’ வடிவ இணைப்பு போட்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் போகும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து, தரையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு எட்டு இடத்தில் பார்த்தேன். 0.8இலிருந்து 1.4 மி.மீ. வரை. தண்ணீர் தார்க்கற்களின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய கற்களின் தலை மட்டும் அங்கங்கே வெளியே தெரிந்தது. அந்தக் கல்தலைகளையும் அவற்றுக்கு நடுவே உள்ள சொரசொரப்பையும்தான் ரப்பர் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் கண்ணாடித் தாளைக் கிழிக்க வேண்டும். பட்டனுக்கு நடுவே இருக்கும் வாய்க்கால்கள் எதற்கு என்று அப்படிப் படுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஒரு செட் மாற்ற நாலு சக்கரம், சக்கரத்துக்கு ஐந்து போல்ட். இந்த வண்டியில் நட் கிடையாது, போல்ட்தான். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே துளையைத் தேட வேண்டும். டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். ஒரு மாற்றத்துக்கு இருபத்தைந்து நிமிஷம், அன்றைக்கு நாலு மாற்றம். ஒவ்வொரு தரமும் காற்று குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ, ஒரே கேஜ். டேங்கிலும் பாதி பெட்ரோலுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். ஓட்டத்துக்கு ஓட்டம் இரண்டு நிமிஷம் பிரேக் ஆறவிட்டோம்.

ஈரத் தரை முடிவு, 80இலிருந்து 20 வரை, ஆறு ஓட்டத்தின் சராசரி. பழசு 39.4 மீட்டர். சொகுசு 33.6. பழசு 39.2. ஸ்போர்ட்ஸ் 30.5. பழசு 39.0. மூன்று தரமும் பழைய செட் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை அளக்கிற வேலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது சொல்லலாம்: பழசைவிடச் சொகுசு சுமார் 14 சதவீதம், ஸ்போர்ட்ஸ் சுமார் 22 சதவீதம் குறைந்த தூரத்தில் நிற்கிறது.

சதவீதம் மனசில் தைக்காது. இப்படிப் பாருங்கள். மூன்று கார்களும் ஒரே கோட்டில் பிரேக் அடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஸ்போர்ட்ஸ் டயர் போட்ட கார் 20 கி.மீ. வேகத்துக்கு வந்துவிட்ட இடத்தில், சொகுசு டயர் போட்ட கார் 31 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். என் பழைய டயர் 42 கி.மீ. வேகத்தில். சட்டப்படி இன்னும் ஓட்டத் தகுந்த டயர் அது. 42இல் ஒரு குழந்தைமேல் இடிப்பதும் 20இல் இடிப்பதும் ஒன்றா?

இதை நிற்கிற இடத்திலேயே காட்ட, ஸ்போர்ட்ஸ் டயர் 20க்கு வந்த இடத்தில் ரோட்டோரம் ஒரு செங்கல் வைத்திருந்தோம். மூன்றாவது தரம் பழைய செட்டில் ஓடியபோது கார் அந்தச் செங்கல்லைத் தாண்டிப் போன வேகத்தைப் பார்த்து, ஓரமாக உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் ஐயா எழுந்து வந்தார். “ஏந்தம்பி, இத்தனை நாளும் இந்த டயர்லதான் வீட்டு ஆளுகளைக் கூட்டிட்டுப் போனீங்களா?” என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

உலர்ந்த தரை முடிவு எல்லாரையும் குழப்பியது. அதைக் காலையில் தண்ணீர் விடுவதற்கு முன்னாலும், மறுநாள் மாலையிலும் எடுத்தோம். ஸ்போர்ட்ஸ் 24.3, பழசு 24.7, சொகுசு 25.6. தேய்ந்துபோன டயர் புதுச் சொகுசு டயரைவிட முன்னால் நிற்கிறது! லாகர் கெட்டுப்போச்சா என்று ஒரு நண்பன் கேட்டான். கெடவில்லை. புது டயரில் பட்டன் 8 மி.மீ. உயரம். பிரேக் அடித்தால் அந்த உயரமான ரப்பர் துண்டுகள் முன்னும் பின்னும் நெளியும். தேய்ந்த டயரில் உயரம் குறைவு, நெளிய இடமில்லை, தரையில் படும் ரப்பரும் அதிகம். பந்தயக் கார்களில் உலர் தரைக்குப் பட்டனே இல்லாத மொட்டை டயர் போடுவது இதனால்தான். “என் டயர் இன்னும் நல்லாத்தான் பிடிக்குது” என்று பழைய டயரோடு ஓட்டுகிறவர்கள் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. வெயிலில் அது உண்மை. மழையில்தான் அந்த டயர் நம்மைக் கைவிடும், அதுவரை ஒரு அறிகுறியும் காட்டாது.

ரப்பரின் இறுக்கத்தையும் பார்த்தேன். எங்கள் யூனிட்டில் ஆயில் சீல் சோதிக்க ஷோர் ஏ மீட்டர் இருக்கிறது. நிழலில், 31 டிகிரியில், பட்டனின் நடுவே அழுத்திப் பத்து இடச் சராசரி எடுத்தேன். பழசு 74, சொகுசு 66, ஸ்போர்ட்ஸ் 64. பள்ளிக்கூடப் பென்சில் பாக்ஸில் வருஷக் கணக்காய்க் கிடந்த ரப்பர் எப்படி இறுகிப்போய்த் தாளைக் கிழிக்குமோ, பழைய டயருக்கும் அதே கதி. ஆனால் புதுசு இரண்டுக்கும் நடுவே 2தான் வித்தியாசம், ஈரத்தில் 3 மீட்டர் வித்தியாசம். மென்மை மட்டும் காரணம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

மிச்சம் கலவையில் இருக்கிறது. கருப்புக் கரியை மட்டும் கலந்த காலத்தில் ஈரப்பிடிப்பைக் கூட்டினால் டயர் உருளவே சிரமப்பட்டுப் பெட்ரோல் அதிகம் குடிக்கும். உருளுவதை எளிதாக்கினால் ஈரத்தில் வழுக்கும். 1990களின் தொடக்கத்தில் மிஷெலின், மணலில் இருக்கும் சிலிக்காவைக் கலந்த டயரைக் கொண்டுவந்தபோதுதான் இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. டயர் உருளும்போது ரப்பர் நொடிக்குப் பத்துப் பதினைந்து தரம் அமுங்கி எழும். தார்க்கல்லின் நுண்ணிய சொரசொரப்பில் வழுக்கும்போதோ நொடிக்கு ஆயிரக் கணக்கான தரத்துக்கும் மேலே அதிரும். மெதுவான அமுக்கத்தில் சக்தியை விழுங்காமலும், வேகமான அதிர்வில் விழுங்கிப் பிடித்துக்கொள்ளவும் தெரிந்த ரப்பர் வேண்டும். சிலிக்கா அதைச் செய்ய உதவுகிறது. டயர்க்காரர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்தே பார்த்துவிடுவார்கள்: 0 டிகிரியில் அது எவ்வளவு சக்தியை விழுங்குகிறது என்பது ஈரப்பிடிப்பைக் காட்டும், 60 டிகிரியில் பார்ப்பது உருளும் சிரமத்தைக் காட்டும்.

உருளும் சிரமத்தை நாங்களும் ஒரு எளிய வழியில் பார்த்தோம். காற்றில்லாத ஒரு விடியற்காலையில், ஆளில்லாத தட்டையான ரோட்டில், 70இல் நியூட்ரல் போட்டு 40க்கு வர எத்தனை நொடி என்று இரண்டு திசையிலும் அளந்தோம். சொகுசு 48 நொடி, ஸ்போர்ட்ஸ் 45. காற்றின் தடையும் அதில் சேர்ந்தே இருக்கிறது, ஆகவே டயரின் பங்கு இன்னும் கொஞ்சம் பெரிய வித்தியாசமாகத்தான் இருக்கும். பெட்ரோல் விஷயத்தில் சொகுசு டயருக்கே வெற்றி. சத்தத்திலும் அதற்கே. சின்னக் குழிகளில் இறங்கி ஏறும் சுகமும் அதில்தான்.

ஸ்போர்ட்ஸ் டயர் போட்ட நண்பனின் காரில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஒரு தரம் ஓட்டினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. வேகமாக ஓட்டவில்லை, மலைப்பாதையில் டயரின் எல்லையைத் தேடுவது முட்டாள்தனம். ஸ்டியரிங்கைத் திருப்பிய உடனே முன்பக்கம் திரும்புவது நன்றாகத் தெரிந்தது. சொகுசு டயரில் ஒரு சின்ன யோசனைக்குப் பிறகுதான் திரும்பும். குளிர்ந்தபோது 32 இருந்த காற்று மேலே போனபோது 36. நாலு பிஎஸ்ஐ ஏறுவது சரியான கணக்கு. ஆறேழு ஏறினால் குறைந்த காற்றில் ஓட்டிச் சூடேற்றியிருக்கிறோம் என்று பொருள்.

முடிவு எடுக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. மாதம் இரண்டு தரம் பாலக்காடு போகிறேன், வருஷத்தில் பாதி அங்கே மழை. ஸ்போர்ட்ஸ் டயர் வாங்கினேன். வெறும் நகர ஓட்டம், பொறுமையாக ஓட்டுகிறவர் என்றால் சொகுசு டயரே போதும் என்றுதான் சொல்வேன். பழசிலிருந்து சொகுசுக்கு வந்தாலே ஈரத்தில் கிட்டத்தட்ட 6 மீட்டர் மிச்சம். எதை வாங்குவது என்று மாதக் கணக்கில் யோசித்துக்கொண்டே 3 மி.மீ. டயரில் மழைக்காலத்தை ஓட்டிவிடுவதுதான் தப்பு. நான் செய்தது அதுதான். 17 அங்குல அலாய் மாற்றி 225/45 போடலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. விட்டம் அரை சதவீதம்கூட மாறாது. ஆனால் சைடு வால் (பக்கச் சுவர்) உயரம் 113 மி.மீ.யிலிருந்து 101க்கு இறங்கும். நம் ஊர்க் குழியில் அந்த 12 மி.மீ.தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வாங்கும் இடத்தில் ஒரு சங்கடம். கடையின் பெயர் வேண்டாம். நாலு டயரும் வந்து இறங்கின. தேதியைப் பாருங்கள் என்று நான் கேட்டதும், கடைப் பையன் மேலே கிடந்த டயரைக் காட்டி, “புதுசுங்கண்ணா, இந்த வருஷத்துதுங்க” என்றான். தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கமாக ஒரு நீள்வட்டக் கட்டத்தில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் காட்டும். முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கத்துச் சைடு வாலில்தான் அச்சாகும், மறுபக்கம் தேதி இருக்காது. நாலையும் புரட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று ஒரே மாதத்தில் வந்தவை. நாலாவது இரண்டு வருஷத்துக்கும் மேல் பழசு. குடோனில் எந்த வெயிலில் கிடந்ததோ. ஒரே ஆக்சிலில் அதைப் புதுசோடு மாட்டினால் இடதும் வலதும் வேறு வேறு மாதிரி பிடிக்கும். முதலாளி முதலில் “ஒண்ணும் ஆகாதுங்க” என்றார். நான் அதே எண் வரிசையில் இன்னொன்று வரும்வரை காத்திருக்கிறேன் என்றதும் மூன்று நாளில் வரவழைத்துக் கொடுத்தார். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் பாருங்கள். ஏற்றிய பிறகு தேதி உள்பக்கம் போய்விட்டால் காருக்கு அடியில் படுத்தால்தான் தெரியும்.

மாட்டிய பிறகு அலைன்மென்ட், பேலன்சிங். வண்டியின் டயர் எச்சரிக்கை விளக்கு இரண்டாவது நாள் எரிந்தது. அந்த அமைப்பு காற்றை நேரடியாக அளப்பதில்லை. ஏபிஎஸ் சென்சார் மூலம் எந்தச் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துத்தான் சொல்கிறது. புது டயரின் சுற்றளவு மாறியதால் பழைய கணக்கு ஒத்துவரவில்லை. காற்றைச் சரிபார்த்து ரீசெட் செய்ததும் அடங்கியது.

இப்போது 4,100 கி.மீ. ஓடியிருக்கிறது. பட்டன் முன்னால் 7.4 மி.மீ., பின்னால் 7.7. ஞாயிறு காலையில் வண்டி கிளப்புவதற்கு முன் காற்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வாளையாறு தாண்டி அதே தடத்தில் அதே மாதிரி மழையில் போன மாதம் போனேன். வேகம் 70. தண்ணீர் அடியில் சலசலத்துப் பிரிவது காதில் கேட்டது, ஸ்டியரிங் கனமாகவே இருந்தது.

பழைய நாலு டயரையும் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் கேட்டார். கொடுக்கவில்லை. கொடுத்தால் 3 மி.மீ. டயர் வேறொரு வண்டிக்குப் போய்விடும். சாக்கில் சுற்றி, வெயில் படாத பரணில், மோட்டாரும் இன்வெர்ட்டரும் இல்லாத பக்கமாகப் படுக்கவைத்திருக்கிறேன். மோட்டாரில் தீப்பொறி வரும் இடத்தில் ஓசோன் உண்டாகும், அது ரப்பரில் வெடிப்பு விழவைக்கும். ஒவ்வொன்றின்மேலும் சாக்பீஸில் இடம், தேதி, ஆழம், ஷோர் எண் எழுதியிருக்கிறேன். அடுத்த ஜூனில் இன்னொரு நண்பனின் டயரைச் சோதிக்கப் போகிறோம். அப்போது மாஸ்டர் வேண்டும். அதற்குள் இறுகியிருந்தால் எவ்வளவு இறுகியது என்பதும் எழுதிவைத்த எண்ணை வைத்துத் தெரிந்துவிடும்.